சொட்டைக்கு வாளைப் பேர் வந்த கதை

அந்தக் காலத்தில் கண்மாய்த் தண்ணீரில் இருந்தவர்களும் கரையில் இருந்தவர்களும் வாய்விட்டுப் பேசிக்கொண்டார்கள். குளிக்க வந்த பெண்களிடம் கெண்டை வம்பளக்கும். ஊர்ச் செய்தியெல்லாம் விராலுக்கு அத்துபடி. இன்று கரையில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் ஓர் அயிரை கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கண்மாயில் வாளை என்றொரு பெரிய மீன் இருந்தது. நீண்ட மீசை, செதிலே இல்லாத உடம்பு. மீனுக்குக் காது இருந்தால் வாய் காதுவரை என்று சொல்லலாம், அவ்வளவு பெரிய வாய். கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்தோடு வேற்று மீன் ஒன்று வந்து சேர்ந்தது. தட்டையான உடம்பு, பொடிப்பொடியாய் வெள்ளிச் செதில், கூன் விழுந்த முதுகு. தலைக்குப் பின்னால் பள்ளமாய்ச் சொட்டை விழுந்திருந்ததால் எல்லோரும் “சொட்டை” என்று கேலி பேசினார்கள். அதற்கென்று குலப்பெயர் எதுவும் கிடையாது.

வாளை வழக்கம்போல அதையும் விழுங்கப் பார்த்தது. கூன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“அண்ணே, உங்களுக்கும் மூச்சு முட்டுது, எனக்கும் முட்டுது. கொஞ்சம் வாயத் தொறங்க” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

வாளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் சொட்டை வெளியே வந்து விழுந்தது. அப்புறம் இருவரும் பிரியவே இல்லை. சொட்டை பாசிக்குள் புகுந்து பொடிமீன்களைக் கலைக்கும்; வாளை வெளியே காத்திருந்து பிடிக்கும். பொழுது சாய்ந்ததும் பங்கு போட்டுத் தின்பார்கள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

பிறகு மழை பொய்த்தது. கண்மாய் வற்றியது. ஊரார் ஊத்தாக் கூடைகளோடு மீன் பிடிக்க இறங்கினார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிடிக்கத் தொடங்கும்முன், ஒவ்வொரு குலத்திலும் இரண்டு மீனை மட்டும் மடைக்குழியில் விதைக்காக விட்டுவிடுவார்கள். அதில் யாரும் கைவைக்க மாட்டார்கள். கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சும் கூரியான் என்பவர் குழியோரம் நின்று குலப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

“வாளை!” என்றார் கூரியான். சினையாயிருந்த வாளையின் மனைவி முதலில் உள்ளே போனாள். வாளை திரும்பிப் பார்த்தது. சொட்டை சேற்றில் ஒதுங்கிக் கிடந்தது. பெயரில்லாததை யார் கூப்பிடப் போகிறார்கள்? பக்கத்திலேயே இருளாயி என்பவள் ஊத்தாவோடு காத்து நின்றாள்.

வாளைக்குப் பொறுக்கவில்லை. “இவனும் வாளைதான்!” என்று கத்திவிட்டது.

“மீசை எங்கப்பா?” என்றார் கூரியான்.

“இன்னும் மொளைக்கல.”

கூரியான் சிரித்தார். “சரி, வாளைன்னே வச்சுக்குவோம். ஆனா வாளைக்கு ரெண்டுதானே? ஒண்ணு உள்ள போயிருச்சு. இன்னும் ஒண்ணுதான் போகலாம். நீயா, இவனா?”

வாளை இதை யோசிக்கவே இல்லை. பேர் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தது.

“அவர் பொய் சொல்றாரு! நான் வாளை இல்ல, அவரை விடுங்க!” என்று சொட்டை அலறியது.

“பொடிப்பய, பயத்துல ஒளர்றான்” என்றது வாளை. குழிக்குள் இருந்த மனைவியை ஒருமுறை பார்த்தது. “ஏலே, பிள்ளைகளைப் பாத்துக்க” என்று சொட்டையிடம் சொல்லிவிட்டு, தானே துள்ளி இருளாயியின் ஊத்தாவுக்குள் விழுந்தது.

அன்று இருளாயி வீட்டில் குழம்பு கொதித்தது. பிள்ளைகள் தின்றார்கள். அவளுக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மழை வந்தது. வாளைச்சி முட்டையிட்டுவிட்டு, அந்த இடத்தில் இருக்கப் பொறுக்காமல் வெள்ளத்தோடு போய்விட்டாள். சொட்டை போகவில்லை. முட்டைகளைச் சுற்றிச்சுற்றி வந்து, கிட்டே வந்தவரையெல்லாம் கடித்து விரட்டியது. குஞ்சுகள் பொரிந்ததும் அவற்றுக்கு அப்பன் பேரைச் சொல்லிக் கொடுத்தது.

அன்று முதல்தான் மீசையில்லாத அந்தக் கூன்முதுகு மீனையும் நாம் சொட்டை வாளை என்கிறோம். அன்று முதல்தான், ஒரிஜினல் வாளை முட்டையிட்டதும் தன் பாட்டுக்குப் போய்விட, இரவல் பேர்க்காரன் மட்டும் முட்டைக்குப் பக்கத்திலேயே காவல் கிடக்கிறான்.