தானாகத் திறக்கிற கதவு

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்க. சத்தமாகச் சொன்னால் எதிர் வீட்டுக்குக் கேட்டுவிடும், கதையே எதிர் வீட்டைப் பற்றியதுதான்.

"சாமி, எனக்கு வயிறு எரியுது" என்று வந்து விழுந்தான் செங்கோடன்.

"மோர் குடி" என்றார் கரட்டடிச் சாமி.

"இது அந்த எரிச்சல் இல்லீங்க."

"தெரியும். குடி."

குடித்தான். எரிச்சல் அப்படியே இருந்தது.

சாமி இருந்தது ஊருக்கு வெளியே, கரட்டு அடிவாரத்தில், ஓடு வேய்ந்த ஒரு கொட்டகையில். சாமியாவதற்கு முன்னால் லாரி ஓட்டினார். அதற்கும் முன்னால் செங்கோடனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியாரிடம் அடி வாங்கினார். இப்போது செங்கோடன் அவரை வாய் நிறையச் சாமி என்பான். அவருக்கு மட்டும் அவன் அன்றைக்கும் இன்றைக்கும் "டேய்" தான்.

"யாரைப் பார்த்துடா எரியுது?"

"வேற யாருங்க? சகலைதான்."

சகலை என்றால் நல்லசிவம். செங்கோடனின் மனைவி சரசு. சரசுவின் அக்கா ருக்மணி. ருக்மணியின் வீட்டுக்காரர் நல்லசிவம். அக்காளும் தங்கையும் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள்.

"என்ன பண்ணிட்டார்?"

"கார் ஷெட் ஷட்டருக்கு மோட்டார் வச்சுட்டார் சாமி. போனைத் தட்டினா தானா மேலே சுருண்டுக்குது. கார் தெருமுனை திரும்பறப்பவே அதுக்குத் தெரிஞ்சு போகுது, இவர் வர்றார்னு. லைட்டு போட்டுக்கிட்டு நிக்குது, பொண்டாட்டி மாதிரி."

"நல்லதுதானே."

"என்னங்க நல்லது? வெத்தலை வாங்க நடந்து போன மனுசன், இப்ப வெத்தலைக்கும் கார் எடுக்கறார். எதுக்கு? கதவு திறக்கறதை நான் பார்க்கணும்னுதான்."

"நீ பார்த்தியா?"

"மாடியில நின்னு பார்த்தேன்."

"எத்தனை தடவை?"

செங்கோடன் காலி டம்ளரைப் பார்த்தான்.

"சொல்லக் கூடாதுங்க, உங்ககிட்டே சொல்றேன். அவர் வர்ற நேரம் பார்த்து கரண்ட் போகணும்னு வேண்டிக்கிட்டேன்."

"போச்சா?"

"போச்சு."

"அப்புறம்?"

"அதுக்கு பேட்டரி இருக்குதுங்க சாமி."

சாமி சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க ரொம்பப் பாடுபட்டார்.

"சரி, நீயும் வாங்கிக்க. கையில காசு இல்லையா?"

"இருக்குதுங்க. விலையைக் கேட்டா தலை சுத்துது. அவ்வளவு கொட்டிக் கொடுக்கறது தகுமா தகாதான்னு எனக்குப் பிடிபடலை. வாங்கினா மனசு ஆறிடும்னு தோணுது. வாங்கின மறுநாளே அவர் வேற ஒண்ணு வாங்கிடுவாரோன்னும் தோணுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க. அவர் பேத்திக்குக் காதுகுத்து வருது. மாமனார் வீட்டுச் சனமெல்லாம் தெருவுல வந்து இறங்கும். அந்தக் கதவைப் பார்த்த கண்ணோட இந்தப் பக்கம் திரும்பினா, என்னோட துருப்பிடிச்ச ஷட்டரு."

"காதுகுத்துக்கு நீங்க ரெண்டு பேரும் போகணுமே."

"எங்க போறது? சரசுகிட்டே கண்டிசனாச் சொல்லிட்டேன். நம்ம கதவு மாறுற வரைக்கும் நீ அந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. அவங்க பேச்சையும் எங்கிட்டே எடுக்கக் கூடாதுன்னு."

"கூடப் பிறந்தவ வீடுடா."

"அதுக்காக?"

"சரசு என்ன சொன்னா?"

"அவ என்ன சொல்லுவா? சரிங்கன்னா."

சாமி காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"உன் கதவு இப்ப எப்படித் திறக்குது?"

"ஹாரன் அடிப்பேன்."

"அடிச்சா?"

"திறக்கும்."

"தானாவா?"

"தானா எப்படிங்க திறக்கும்? சரசு வந்து திறப்பா."

"அதுக்கு என்ன செலவாகுது?"

"அதுக்கென்னங்க செலவு? ஒரு செலவும் இல்லை."

சாமி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"வாடா. இன்னைக்கு உன் வீட்டுலதான் சாப்பாடு. கார் சாவியை எங்கிட்டே கொடு."

செங்கோடனுக்குப் பெருமை தாங்கவில்லை. சாமி யார் வீட்டுக்கும் சாப்பிடப் போகிறவர் இல்லை. நல்லசிவம் வாசலில் நின்று பார்த்தால் நன்றாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தான்.

தெருமுனையில் சாமி காரை நிறுத்தினார்.

"நீ இறங்கி நடந்து போ. போய் இலை முன்னால உட்காரு. நான் காரை ஷெட்டுல விட்டுட்டு வர்றேன்."

செங்கோடன் வீட்டுக்குள் போனான். சரசு சாமி வருகிற சேதி கேட்டு அவசரமாகக் கூடத்தில் இரண்டு இலை போட்டாள். இவன் கையைக் கழுவி உட்கார்ந்தான்.

வெளியே ஹாரன் கேட்டது.

சரசு கரண்டியை வைத்துவிட்டு ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி ஓடினாள். அவள் ஓடுவது யோசித்து ஓடுவதில்லை. சத்தம் கேட்டதும் கால் தானாக ஓடும்.

"நீ இரு தாயி" என்று ஷட்டருக்கு அந்தப் பக்கமிருந்து சாமியின் குரல். "டேய் செங்கோடா! நீ வா."

செங்கோடன் வந்து ஷட்டரைப் பிடித்தான். புதுமனை புகுந்த அன்றைக்குத் தூக்கியது, அதற்குப் பிறகு இன்றைக்குத்தான். முழங்கால் உயரம் வந்தது. இடுப்பு உயரத்தில் சிக்கிக்கொண்டது.

"தோளைக் கொடுத்து நெம்பணுமுங்க" என்றாள் சரசு.

தோளைக் கொடுத்து நெம்பினான். கடகடவென்று ஏறியது. காரை உள்ளே விட்டார் சாமி. செங்கோடன் மூச்சு வாங்க ஷட்டரை இழுத்து இறக்கினான்.

"அடடா," என்றார் சாமி, "மூக்குப்பொடி வாங்க மறந்துட்டேனே. தூக்கு."

தூக்கினான். கார் வெளியே போனது. இறக்கினான். இலை முன்னால் போய் உட்கார்ந்தான்.

ஹாரன்.

தூக்கினான். கார் உள்ளே வந்தது. இறக்கினான்.

"பொடி வாங்கினேன். கடைக்காரன்கிட்டே மீதியை வாங்காம வந்துட்டேன். தூக்கு."

அடுத்த தடவை கண்ணாடியை மறந்திருந்தார். அதற்கடுத்த தடவை எதை மறந்தார் என்றே மறந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் வாசலில் வந்து நின்று, தூக்குவதற்குள் பொறுமையில்லாமல் இன்னொரு ஹாரன். அதுவும் செங்கோடன் அடிப்பது மாதிரியே, நீளமாக.

சத்தம் கேட்டு எதிர் வீட்டுக் கதவு அலுங்காமல் குலுங்காமல் மேலே போனது. லைட்டு எரிந்தது. நடுவில் நல்லசிவம் நின்றிருந்தார்.

"என்ன சகலை? உடம்பைத் தேத்தறீங்களா?"

செங்கோடனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது. கார் வெளியே போனதும் அந்த ஆத்திரத்தில் ஷட்டரை ஒரே வீச்சில் இழுத்துச் சாத்தினான். தோள்பட்டையில் சுளீர் என்றது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

சரசு தைலம் எடுத்து நீட்டினாள். தேடவே இல்லை. குப்பி முந்தானை முடிச்சிலேயே இருந்தது.

செங்கோடன் குப்பியைப் பார்த்தான். முக்கால்வாசி காலியாகியிருந்தது.

"இது தினமும் இந்தக் கனமா கனக்கும்?"

"மழைக்காலத்துல இன்னும் கொஞ்சம் கூடக் கனக்குமுங்க."

"எங்கிட்டே சொல்லவே இல்லை."

"என்னன்னு சொல்றதுங்க? கதவு கனக்குதுன்னா?"

வெளியே ஹாரன் அடித்தது. இருவருமே எழவில்லை.

"உங்க அக்காவும் இப்படித்தான் தூக்கிட்டிருந்தாளா?"

"அக்காவுக்குக் கை மேலே வர்றதே இல்லைங்க. தலை வாரிக்க முடியலை. அதைப் பார்த்துட்டுத்தான் மாமா அந்த மோட்டாரை..." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அந்த வீட்டுப் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. வாய் தவறி வந்துடுச்சுங்க."

மறுபடியும் ஹாரன். இந்தத் தடவை ரொம்ப நீளம்.

செங்கோடன் எழுந்தான். இடது தோளைக் கொடுத்து நெம்பி, இடுப்பு உயரத்துக்கு ஷட்டரைத் தூக்கி, அதற்குமேல் தூக்கத் தெம்பில்லாமல் முட்டுக் கொடுத்து நின்றான்.

"சாமி, போதும். வாங்கறதா வேண்டாமா, உங்க வாயால சொல்லிடுங்க. நீங்க என்ன சொன்னாலும் சரி."

சாமி காரை நிறுத்தி இறங்கினார். குனிந்து உள்ளே வந்தார். செங்கோடனைத் தாண்டிப் போனார். சரசுவின் முன்னால் போய் நின்றார்.

இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டார். ஊரெல்லாம் அவர் முன்னால் நிற்கிற மாதிரி, தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லு தாயி. இந்தக் கதவுக்கு மோட்டார் தகுமா, தகாதா?"

சரசு சாமியைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தான். அவன் தோளுக்குக் கீழே, திறந்திருந்த இடைவெளி வழியாக, எதிர் வீட்டு வாசல் தெரிந்தது.

"எனக்கு என்னங்க தெரியும் சாமி? வச்சுப் பார்த்தவங்களைத்தான் கேக்கணும். அக்காகிட்டே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடட்டுங்களா?"

சாமி செங்கோடனைப் பார்த்தார். கட்டின கையைப் பிரிக்கவில்லை.

செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஷட்டரை உச்சி வரைக்கும் தூக்கினான்.

சரசு குனியாமல் நடந்து தெருவைக் கடந்து போனாள்.

சாமி கூடத்துக்குப் போய் இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்தார்.

"செங்கோடா," என்றார், "சாதம்."