மாலை போட்ட படங்கள்

நாலாவது தடவையாகத் தோற்றுவிட்டு வந்த நாச்சியப்பன் ராக்கெட்டைப் பெஞ்சில் விட்டெறிந்தார். ஐம்பத்திரண்டு வயது. அவர் புறங்கை வீசி பேக்ஹேண்ட் அடித்தால் டென்னிஸ் கிளப்பில் டீ குடிக்கிறவர்கள்கூட டம்ளரை இறக்கிவிட்டுப் பார்ப்பார்கள். அப்படி ஒரு அழகு. அழகை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஜெயித்தது இருதயராஜ்.

இருதயராஜ் பல் டாக்டர், போன வருஷம்தான் கிளப்பில் சேர்ந்தவர். பந்து இடப்பக்கம் வந்தாலும் சரி, வலப்பக்கம் வந்தாலும் சரி, ராக்கெட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார், உலக்கை மாதிரி. பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்தப் பந்து போய் விழுகிற இடம் இருக்கிறதே, ஐயோ!

மாவட்ட மூத்தோர் போட்டிக்குக் கிளப்பிலிருந்து ஒருவர்தான் போகலாம். இத்தனை வருஷமும் போனது நாச்சியப்பன். இந்தத் தடவை யார் என்பது ஞாயிற்றுக்கிழமை இந்த இருவரும் ஆடுகிற ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

கோச் தில்லைநாயகி வலையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நாச்சியப்பனைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் அந்த அம்மா சொன்னால் இவருக்கு மறுபேச்சு கிடையாது.

"மேடம், ஒரு விஷயம். எனக்காகக் கேக்கலை. டாக்டரோட நல்லதுக்குத்தான்."

"சொல்லுங்க சார்."

"அந்தப் பிடியை நீங்க மாத்திவிடணும். இப்படியே ஆடினா தோள்பட்டை போயிடும், பாவம்."

"சேர்ந்த புதுசுல அவரை ஆறு-ஒண்ணுன்னு அடிச்சீங்களே, அப்பவும் இதே பிடிதானே?"

"இதேதான்."

"அப்ப தோள்பட்டை ஞாபகம் வரலையா?"

நாச்சியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வெடித்துவிட்டார்.

"வயிறு எரியுது மேடம்! சுவத்துல அடிச்சு அடிச்சு இந்தக் கையைத் திருத்தினவன் நான். ஒழுங்கா ஆடுறவன் வெளியே உட்காரணும், இஷ்டத்துக்கு ஆடுறவன் போட்டிக்குப் போகணுமா? என்ன நியாயம் இது?"

"சரி, மாத்திடறேன். நான் சொன்னா டாக்டர் கேட்பார். ஞாயித்துக்கிழமைக்குள்ள அவர் ஆட்டம் குட்டிச்சுவராயிடும். நீங்களே போயிட்டு வாங்க."

நாச்சியப்பன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மறைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"அதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை இருக்கு, வாங்க" என்றார் கோச்.

ராக்கெட் வைக்கும் அறைக்குப் போனார்கள். அதன் சுவர் முழுக்கப் பழைய காலத்து வெளிநாட்டுச் சாம்பியன்கள். எல்லாம் நாச்சியப்பன் தேடித்தேடிக் கண்ணாடி போட்டு மாட்டிய படங்கள். ஆயுத பூஜை அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து மாலையும் போடுவார்.

கோச் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இதையெல்லாம் இறக்கிடலாம். முதல் படத்துல யாரு?"

"இவரா! இவருக்கு பேக்ஹேண்டே கிடையாது மேடம். ராக்கெட்டைக் கை மாத்திக் கை மாத்தி ரெண்டு பக்கமும் ஃபோர்ஹேண்ட்தான். என்ன மூளை பாருங்க! இவரை எதுக்கு இறக்கணும்?"

"தப்பா ஆடியிருக்காரே. இறக்குங்க. பக்கத்துல இருக்கிறவர்?"

"இவர் ஆட்டம் தனி ரகம். எந்தப் பக்கம் பந்து வந்தாலும் ரெண்டு கையாலயும்..."

நாச்சியப்பன் பாதியில் நிறுத்திக்கொண்டார். படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு கைகளையே பார்த்தார்.

வெளியே இருதயராஜ் யாரிடமோ ஏதோ சொல்லிப் பலமாகச் சிரிப்பது கேட்டது.

"டாக்டரைக் கூப்பிடட்டுமா சார்? இப்பவே ஆரம்பிச்சிடலாம்."

"வேணாம் மேடம். கூப்பிடாதீங்க."

நாச்சியப்பன் படத்தின் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"அதே பிடிதான். இவர் பிடிச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணுது. டாக்டர் பிடிச்சா பத்திக்கிட்டு வருது. ஏன் மேடம்?"

"இவர் உங்களை ஜெயிச்சதில்லை, சார்."