பர்திமேயுவிடம் கேட்டது

"தினமும் வேதம் வாசிக்கிறேன் சிஸ்டர். ஒண்ணும் காதுல விழலை" என்றார் அருமைநாயகம்.

பள்ளிக்கூடத்தில் வேதபாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். நான்கு சுவிசேஷங்களும் அவருக்கு மனப்பாடம்.

மனைவி ஹெப்சிபா பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து, கட்டிலருகே உட்கார்ந்து காலையும் மாலையும் சத்தமாக வாசித்தார். அவளுக்கு அவரையே அடையாளம் தெரியவில்லை. வசனங்கள் அவர் காதுக்கே வெறும் சத்தமாகிப் போயின. ஏனென்று அவருக்குப் புரியவில்லை.

அதைக் கேட்கத்தான் அன்று தன் அக்காவை ஹெப்சிபாவுக்குத் துணை வைத்துவிட்டு, குன்றடி ஜெபவீட்டுக்கு வந்திருந்தார். அதை நடத்திவந்த தபீத்தாள் சிஸ்டருக்கு அவர் வயதில் பாதி இருக்கும். அதிகம் பேசமாட்டாள்.

பர்திமேயுவின் கதையை வாசிக்கச் சொன்னாள்.

வாசித்தார். எரிகோ வழியோரத்தில் பிச்சையெடுக்கும் கண் தெரியாதவன் கூப்பிடுகிறான். கூட்டம் அதட்டுகிறது. இயேசு நிற்கிறார். உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

"அங்கேயே நிறுத்துங்க."

நிறுத்தினார். சிஸ்டர் அவரையே பார்த்தாள்.

விளக்கம் எதிர்பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். குருடனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தும் ஆண்டவர் ஏன் கேட்டார் என்று, வகுப்பில் சொல்வதுபோலவே விரிவாகச் சொன்னார்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுபடி வாசிக்கச் சொன்னாள். அதே இடத்தில் மறுபடி நிறுத்தினாள்.

பார்வை வேண்டும் என்று அவன் பதில் சொன்னான் என்றார் அருமைநாயகம்.

"அது அவன் சொன்னது."

அவருக்குப் புரியவில்லை. தெரிந்த கதைதான். இதில் எதைத் தவற விட்டோம்? எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போகாமல், தானாகவே இன்னொரு முறை வாசித்தார். அந்தக் கேள்வி வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

ஹெப்சிபா எழுந்து நடமாட வேண்டும் என்றார்.

சிஸ்டர் தலையசைக்கவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும் அதே வாக்கியம் அது என்பது அவருக்கே கேட்டது.

முதுகுப் புண்ணுக்கு மருந்து வைக்க ஹெப்சிபாவைத் திருப்பிப் போடும்போது எழும் முனகல் நினைவுக்கு வந்தது.

"அவ போயிடணும்" என்றார்.

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"பிழைக்கணும்னு வாய்தான் கேட்டுச்சு சிஸ்டர். மனசு ஒரு நாளும் கேட்கலை. அவ படுற பாடு பொறுக்காம சொல்றேனா, எனக்கு அலுத்துப் போச்சா, தெரியலை. ரெண்டும்தானோ என்னவோ. எனக்குப் பயமாயிருக்கு."

கண்டிப்பாள் என்று காத்திருந்தார். இல்லாவிட்டால் ஆறுதலாக ஒரு வசனமாவது சொல்வாள்.

சிஸ்டர் எழுந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க ஐயா? கேட்டது நான் இல்லையே."

அவரைத் தனியே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.