நாவற்பழ ஐஸ்கிரீமில் ஒரு கை உப்பு

பாளையங்கோட்டையில் ஞானராஜ் அண்ணாச்சியின் ஐஸ்கிரீம் கடையில் எசன்ஸ் பாட்டிலுக்கு இடமில்லை. பால் காய்ச்சுவதிலிருந்து பழம் பிசைவதுவரை எல்லாம் அங்கேயே. புதுச் சுவை கண்டுபிடித்தவரின் பெயரைப் பலகையில் அதன் பக்கத்தில் எழுதிவிடுவார். ஒரே நிபந்தனை, அதே சுவையை அவர் கண்முன் இன்னொரு முறை செய்து காட்ட வேண்டும்.

பலகை முழுக்க அங்கே வேலை செய்யும் காந்திமதியின் பெயர்தான். கருப்பட்டிச் சுக்கும் தாழம்பூவும் அவள் கைவண்ணம். புதிதாக வேலைக்கு வந்த சுபைதா புதுச் சுவைக்காக நாவற்பழத்தைக் கையில் எடுத்ததும் இவளுக்கு வயிறு எரியத் தொடங்கியது. நாளெல்லாம் குளிர்பெட்டிப் பக்கத்தில் நின்றும் அது அணையவில்லை. அண்ணாச்சி சுபைதாவை ஒரு வார்த்தை மெச்சினால் போதும், அன்று இவளுக்குச் சோறு இறங்காது.

கலவையை ஆறவைத்துவிட்டுச் சுபைதா சாப்பிடப் போன நேரம், காந்திமதி அந்தப் பெரிய பாத்திரத்தைத் திறந்தாள். ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் பால் காய்ச்சப் போனாள்.

மறுநாள் கடை வாசலில் கூட்டம். நாவற்பழத்தை உப்புத் தொட்டுத் தின்று பழகிய ஊர், சப்புக்கொட்டிச் சாப்பிட்டது. அண்ணாச்சி பெயின்ட் டப்பாவையே திறந்துவிட்டார்.

சுபைதா இரண்டாம் முறை செய்து காட்டினாள். தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு. ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை, கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி டப்பாவை மூடப் போனார்.

காந்திமதி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நினைத்தது நடந்துவிடும். ஆனால் ஊரே மெச்சிய ருசி தன் கையால் வந்தது என்று ஒருவருக்கும் தெரியாமல் போவதா? முந்தைய பொறாமையைவிட இந்தப் பொறாமை பெரிதாக இருந்தது. மிஞ்சியிருந்த கலவையில் உப்பைப் போட்டுக் கலக்கி, அண்ணாச்சியிடம் கரண்டியை நீட்டினாள். அதே ருசி.

"அன்னைக்கும் நாந்தான் போட்டேன் அண்ணாச்சி. கெட்டுப் போவட்டும்னுதான் போட்டேன். ஆனா ருசி என்னோடது."

"பழம் என்னோடது அக்கா" என்றாள் சுபைதா.

அண்ணாச்சி பிரஷ்ஷும் கையுமாக நின்றார். இப்போது நீங்கள் சொல்லுங்கள், பலகையில் யார் பெயரை எழுதுவது நியாயம்?

விடை: சுபைதாவின் பெயரைத்தான். நிபந்தனைப்படி செய்து காட்டியவள் காந்திமதி என்பது உண்மை. ஆனால் புதுச் சுவையைத் தேடிப் போனவள் சுபைதா ஒருத்திதான். காந்திமதி உப்புப் போட்டது கெடுப்பதற்கு. கெடாமல் போனது நாவற்பழத்தின் குணம், அதற்கு அவள் உரிமை கொண்டாட முடியாது. அண்ணாச்சியும் அப்படியே எழுதினார். உப்பின் அளவு மட்டும் காந்திமதியின் கைக்குத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் அவளே வந்து போடுகிறாள், பலகைப் பக்கம் நிமிர்ந்து பார்க்காமல்.