இரண்டாம் ஓட்டையில் இருந்தது

"இருதயராஜ் ஒரு பிராடுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் டீச்சர்."

கடைக்குள் வந்ததும் வராததுமாகக் குற்றாலிங்கம் இதைத்தான் சொன்னார். ஆள் ரிட்டயர்டு இன்ஜினியர், வயது அறுபத்தொன்று. டீச்சர் ஜெபசீலிக்கு முப்பத்துநாலு. தென்காசியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். வானத்தைப் படம் பிடிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவள்.

"என்ன செஞ்சாரு?"

"கண்ணுல புரை விழுந்திட்டு, இனி எனக்கு வேண்டாம்னு அவனோட ஆக்சிஜன் ஃபில்டர எனக்குக் குடுத்தான். டூப்ளிகேட்! வானப்படக்காரங்க வாட்சப் குரூப்புல போட்டு நாறடிச்சிட்டேன். ஒரு வார்த்தை பேசாம குரூப்ப விட்டே போயிட்டான். போனும் எடுக்க மாட்டேங்கான்."

"முப்பது வருசக் கூட்டுக்காரர்லா அவரு?"

"அதனாலதான் வயிறு எரியுது!"

ஒரு அட்டவணையை மேசையில் அறைந்து வைத்தார்.

"படத்தக் காட்டுங்க அண்ணாச்சி."

"படம் எதுக்கு? எல்லாம் இதுல இருக்கு!"

இருந்தது. மூன்று டெலஸ்கோப், இரண்டு கேமரா. மாற்றி மாற்றி மாட்டி, ஆறு விதமாக ஒரே நெபுலாவை, வானத்து வாயு மேகத்தை, எடுத்திருந்தார். ஒவ்வொரு ஃபில்டரும் ஒரு வாயுவின் ஒளியை மட்டும் உள்ளே விடும். கந்தகத்துக்கு ஒரு படம், ஹைட்ரஜனுக்கு ஒரு படம், ஆக்சிஜனுக்கு ஒரு படம். மூன்றுக்கும் நிறம் கொடுத்துச் சேர்த்தால் நடுவில் ஆக்சிஜனின் நீலம் வர வேண்டும்.

"லென்ஸ் டெலஸ்கோப்புல வரல. ஆறு இஞ்ச் கண்ணாடி டெலஸ்கோப்புல வரல. புதுக் கேமராலயும் வரல. ஆக்சிஜன் படம் மட்டும் செத்துப்போய்க் கிடக்கு. எல்லாத்தையும் மாத்திட்டேன் டீச்சர். மாறாதது இந்த ஃபில்டர் ஒண்ணுதான்!"

"இன்னொண்ணும் மாறல."

"என்னது?"

ஜெபசீலி அவர் பையிலிருந்து ஃபில்டர் சக்கரத்தை எடுத்தாள். ஓட்டைக்கு ஒரு ஃபில்டராக மாட்டி, கேமராவுக்கு முன்னால் சுழலவிடும் சக்கரம். கண்ணாடி பிரேம் முடுக்கும் குட்டித் திருப்புளியையும் எடுத்தாள்.

"ஐயோ, தொறக்காதீங்க! தூசி விழும்!"

"விழட்டும்."

மூடியைக் கழற்றினாள்.

"ரெண்டாம் ஓட்டைல என்ன இருக்கு?"

"கந்தகம். நான்தான மாட்டினேன். எந்த ஓட்டைல எதுன்னு கம்ப்யூட்டர்ல பேரு எழுதினதும் நான்தான்."

"வாசிங்க."

நெற்றியிலிருந்த கண்ணாடியை வேண்டா வெறுப்பாக இறக்கினார். ஃபில்டரின் விளிம்பில் பொடி எழுத்து. வாசித்தார். மூன்றாம் ஓட்டைக்குப் போனார். திரும்ப இரண்டுக்கே வந்தார்.

"ஆக்சிஜன்" என்றார். கந்தகம் மூன்றாம் ஓட்டையில் இருந்தது; இரண்டையும் இடம் மாற்றி மாட்டியிருந்தார்.

ஜெபசீலி அவர் லேப்டாப்பைத் திறந்து, பழைய படங்களில் அந்த இரண்டு பெயர்களை மட்டும் மாற்றிப் போட்டாள். ஆறு படத்திலும் நடுவில் நீலம் வந்தது. சின்ன டெலஸ்கோப்பில் எடுத்ததிலும் வந்தது. அவ்வளவு அழகு. மனுஷனால் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

"நல்ல சாமானத்தக் குடுத்துட்டுக் கெட்ட பேரு வாங்கியிருக்காரு" என்றாள் ஜெபசீலி. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நேரா வீட்டுக்குப் போயி, அவன் கையப் பிடிச்சுச் சொல்லிருதேன் டீச்சர்."

"போங்க. அதுக்கு முன்னால, அவர டூப்ளிகேட்காரன்னு எங்க வச்சுச் சொன்னீங்க?"

"குரூப்புல."

"எத்தன பேரு இருக்காங்க?"

"நூத்தி எண்பத்தாறு."

போனை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"அவன்தான் இப்ப அதுல இல்லையே டீச்சர்."

"மத்தவங்க இருக்காங்கல்லா!"

குற்றாலிங்கம் தட்டச்சு செய்தார். முப்பது வருஷம் ஆபீஸ் கடிதம் எழுதிய கை. முடித்துவிட்டு நீட்டினார்.

'தவிர்க்க இயலாத காரணங்களால் ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது.'

"யாரு செஞ்ச தவறு?" என்றாள் ஜெபசீலி.

அவர் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பிறகு 'நான்' என்று ஆரம்பித்தார்.