பந்தைத் தொடாத பயிற்சியாளர்

தேக்கங்காட்டுக் கல்லூரியில் ஒரு கால்பந்து அணி இருந்தது. இருந்தது என்று சொல்லலாமே தவிர, ஜெயித்தது என்று சொல்ல முடியாது. ஏழு வருடமாக ஏரிக்கரைக் கல்லூரி நீர்நாய்களிடம் செமத்தியாக உதை வாங்கி வந்தது. முதல்வர் கரடிக்குப் பொறுமை போய்விட்டது. இந்த வருடமும் அவர்களிடம் தோற்றால் அணியைக் கலைத்துவிட்டு, மைதானத்தில் எருமைகளை மேய விட்டுவிடுவேன் என்று அறிவித்தார்.

அந்த நிலையில் பயிற்சியாளர் வேலைக்கு யார் வருவார்? வந்தது ஒரே ஒரு முள்ளம்பன்றி. பெயர் கூரப்பன்.

அணித்தலைவன் குரங்கு நாகலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பந்து உங்க மேல பட்டாலே டப்புனு வெடிச்சிடுமே ஐயா! நீங்க எங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பீங்க?"

"நான் தொடப் போறதில்லப்பா. பார்க்கப் போறேன்," என்றார் கூரப்பன்.

முதல் நாளே பந்தை வாங்கிக் கரடியின் அறையில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். பதினைந்து நாள் பந்தே இல்லாமல் பயிற்சி! பந்து இப்போது இன்னாரிடம் இருக்கிறது என்று அவர் கத்துவார். மற்ற எல்லோரும் ஆளில்லாத இடமாகப் பார்த்து ஓட வேண்டும். சும்மா நின்றால் மைதானத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த மயில்கள் தலையில் அடித்துக்கொண்டன. காற்றை உதைத்துக் கால்தான் வலிக்கிறது என்று நாகலிங்கம் கரடியிடம் போய்ப் புகார் சொன்னான்.

அணியில் செல்லக்கிளி என்று ஒரு முயல். பாவம், இரண்டு வருடமாக ஆடியும் அவளுக்கு யாரும் பந்தே கொடுத்ததில்லை. கிடைத்தால் நாகலிங்கம் தானே கொண்டுபோவான், தானே பறிகொடுப்பான். ஆனாலும் கூரப்பன் சொன்னபடி அவள் ஒவ்வொரு முறையும் ஓடினாள். ஓடி நின்றதும் திரும்பிப் பார்ப்பாள். கூரப்பன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

போட்டிகள் தொடங்கின. முதல் மூன்று ஆட்டமும் போச்சு. கரடி எருமைகளை வரச் சொல்லி மைதானத்தைச் சுற்றிக்காட்டினார். கூரப்பனுக்கும் பயம்தான். ஆனாலும் பயிற்சியை மாற்றவில்லை.

கடைசி ஆட்டம் ஏரிக்கரையோடு. ஆளுக்கு ஒரு கோல். முடிய இரண்டே நிமிடம். பந்து நாகலிங்கத்தின் காலில் இருந்தது. மூன்று நீர்நாய்கள் அவனைச் சூழ்ந்துகொண்டன. தனியாகப் போனால் பறிபோகும் என்று அவனுக்கே தெரிந்தது. இடது பக்கம் யாராவது ஓடியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில், திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைத் தள்ளிவிட்டான்.

அங்கே செல்லக்கிளி இருந்தாள். ஒரே உதை. கோல்!

மைதானம் தப்பித்தது. எருமைகள் வேறு புல் தேடிப் போயின. அதன் பிறகு கூரப்பன் பன்னிரண்டு வருடம் அங்கேயே இருந்தார். எண்பத்து நான்கு ஆட்டம், அறுபத்தொரு வெற்றி, ஏழு கோப்பை. சுற்றுவட்டாரக் காடுகளில் அப்படி ஒரு பயிற்சியாளர் அதுவரை இருந்ததில்லை.

அவர் ஓய்வு பெற்ற அன்று, துணைப் பயிற்சியாளராகிவிட்ட நாகலிங்கம் மாலை போட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டான். பந்தைத் தொடாமலே இந்த ஆட்டத்தை எங்கே கற்றீர்கள் என்று.

"சின்ன வயசுல என்னை யாரும் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கல. ஓரமா நின்னு அழுவேன். அப்புறம் பார்த்தா, உள்ள ஓடுறவங்கள்லயும் பாதிப் பேருக்குப் பந்து வரல. எல்லாரும் பந்தையே பார்த்தாங்க, அவங்கள யாரும் பார்க்கல. நான் அவங்களப் பார்க்க ஆரம்பிச்சேன். அவ்வளவுதான்," என்றார் கூரப்பன்.

தன்னை ஒதுக்கியவர்கள்மேல் கசப்பை வளர்க்காமல், தன்னைப் போல் ஒதுங்கி நிற்பவர்களைக் கவனிக்கக் கற்றவரே எல்லோரையும் ஜெயிக்க வைப்பார்.