அறுபத்தெட்டு கிலோ

வேலூருக்கு வெளியே, ஒரு காலத்தில் அரிசி மண்டியாக இருந்த கூடத்தில் ஹெப்சிபா பளு தூக்கக் கற்றுக்கொடுத்து வந்தாள். வயது முப்பத்திரண்டு. பதினோரு வருஷம் போட்டிகளில் தூக்கியவள். அவளிடம் பயின்ற பெண்கள் அவளை மாஸ்டர் என்று அழைத்தார்கள்.

புரட்டாசி மாதத்தில் ஒரு நாள், பள்ளிக்கூடப் பெண்கள் பயிற்சி முடித்துக் கிளம்பிய பிறகு, ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றாள். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அறுபத்தெட்டு கிலோ தூக்கணும். சொல்லிக்கொடுப்பீங்களா?"

"எந்தப் போட்டிக்கு?"

"போட்டி இல்ல. என் வீட்டுக்காரர்."

மாஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வந்தவள் பெயர் அரசி. தோல் தொழிற்சாலையில் இருபது வருஷம் ஷூ தைத்தவள். கணவர் தனகோட்டி டவுன் பஸ் ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. தினமும் காலையில் அவர் தம்பி ஏழுமலை வந்து, கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பார். ஏழுமலைக்கு ரயில்வேயில் வேலை. தை பிறந்ததும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறார்.

"நீங்க தூக்கிப் பார்த்தீங்களா அக்கா?"

"ஒரு தடவை." அரசி தன் கைகளைப் பார்த்தாள். "குளியலறையில கீழே போட்டுட்டேன். புருவத்துல ஆறு தையல். அதுலேர்ந்து நான் கிட்ட போனாலே கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கறார்."

"ம்."

"படுத்தே கிடந்தா முதுகுல புண் வந்துடும்னு நர்ஸ் சொல்லுது. வந்தா லேசுல ஆறாதாம். தைக்கு இன்னும் நாலு மாசம்கூட இல்ல, மாஸ்டர்."

மாஸ்டர் கேட்டாள்: "இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

எதற்காகக் கேட்கிறாள் என்று அரசிக்குப் புரியவில்லை. யோசித்துச் சொன்னாள்.

"அவர் கஞ்சியில கொஞ்சம் மீந்துச்சு."

"நேத்து மதியம்?"

"டீ. ரெண்டு பொறை ரொட்டி."

"ராத்திரி?"

"அவர் ஒண்ணரை இட்லி மீதி வச்சுட்டார்."

மாஸ்டர் தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். மேல் தட்டில் அவித்த முட்டைகள் இருந்தன.

"புரட்டாசி, மாஸ்டர்."

மாஸ்டர் முட்டைத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். அடித்தட்டில் கொண்டைக்கடலைச் சுண்டல் இருந்தது. அதை அப்படியே அரசி பக்கம் தள்ளினாள்.

"இல்ல, அவருக்கு மருந்து கொடுக்கற நேரம்..."

"சாப்பிட்டுட்டுப் போங்க."

அன்றைக்கு வேறு பாடம் எதுவும் நடக்கவில்லை.

காலையில் அவருக்கு ஊட்டுவதற்கு முன்னால் அரசி சாப்பிட்டிருக்க வேண்டும். மாஸ்டர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

அரசியால் அதைச் சுலபமாகச் செய்ய முடியவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி, ஒரு காதைக் கட்டில் பக்கம் வைத்துக்கொண்டு விழுங்கினாள். முளைகட்டிய பயறு, கேழ்வரகுக் கூழ், ஒரு கிண்ணம் கீரை. அவர் பசியோடு படுத்திருக்கும்போது தன் வாயில் எதுவும் இறங்குவது தப்பு என்று தோன்றியது. பொறையை நிறுத்தினாள். டீக்குச் சர்க்கரையைக் குறைத்தாள். அந்த முதல் வாரம் தலைவலி உயிரை எடுத்தது.

ஐந்தாம் நாள் கரண்டி கை தவறி விழுந்தது.

"என்ன... பண்ற?" உள்ளேயிருந்து தனகோட்டி குழறிக் கேட்டார்.

அரசி தட்டோடு வெளியே வந்தாள். திருட்டில் பிடிபட்டவள் போல நின்றாள்.

"சாப்பிடறேன்."

அவர் தட்டை வெகுநேரம் பார்த்தார்.

"உக்காந்து... சாப்பிடு."

பயிற்சிக்கூடத்தில் மாஸ்டர் முதலில் கொடுத்த கம்பி பதினைந்து கிலோ. இரண்டு முனையிலும் ரப்பர் வட்டுகள். இடுப்பு வரை தூக்கச் சொன்னாள். அரசி தூக்கினாள்.

"விட்டுடுங்க."

"கீழேயா?"

"ஆமா."

விரல்கள் திறக்கவில்லை. அரசி குனிந்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல் கம்பியைத் தரையில் வைத்தாள்.

"வைக்கச் சொல்லல. விடுங்க."

மூன்று நாள் அவளால் முடியவில்லை. நான்காம் நாள் விட்டாள். கம்பி தரையில் மோதிய சத்தத்துக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"கீழே போடாம இருக்கத்தானே நான் கத்துக்க வந்தேன், மாஸ்டர்?"

"தெரியும். இன்னொரு தடவை."

ஐப்பசியில் முப்பது கிலோ தூக்கினாள். கார்த்திகையில் ஐம்பது. அதற்குள் உணவில் முட்டையும் சேர்ந்திருந்தது. உள்ளங்கையில் காய்ப்பு விழுந்தது. ரவிக்கையின் கை இறுகிப் போய், பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. மாவு அரைக்கும்போது கிரைண்டர் கல்லை ஒற்றை ஆளாகத் தூக்கி வைத்தாள். அப்போதுதான் தன் உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

ஆனால் பயம் குறையவில்லை. எடை ஏற ஏற, தை நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் முதலில் நாட்காட்டியைப் பார்த்தாள். பயிற்சிக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு கேள்வி கொண்டுவந்தாள்.

"கம்பி உலோகம், மாஸ்டர். அவருக்கு வேர்க்குமே, வழுக்கினா?"

மாஸ்டர் கம்பியில் இன்னொரு வட்டைச் செருகினாள்.

"கம்பி ரெண்டு பக்கமும் ஒரே எடை. அவருக்கு வலது பக்கம் தொங்குதே?"

அதற்கும் இன்னொரு வட்டு ஏறியது.

மார்கழியில் ஒரு நாள் எழுபது கிலோ கம்பி அவள் இடுப்பு வரை வந்து நின்றது. இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கக் கேட்டாள்.

"இப்ப அவரைத் தூக்கலாமா?"

மாஸ்டர் சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எதிரே ஒரு நாற்காலியைப் போடச் சொன்னாள். கீழே விரிப்பு இருந்தது.

"நான் அறுபத்தாறு கிலோ. என்னைத் தூக்கி அதுல உட்கார வையுங்க."

நர்ஸ் செய்து காட்டியிருந்தபடி அரசி குனிந்தாள். கைகளை மாஸ்டரின் கக்கத்துக்கடியில் கொடுத்து முதுகில் கோத்துக்கொண்டாள். முழங்காலால் முழங்காலை அண்டக் கொடுத்தாள். தூக்கினாள். மாஸ்டர் எழுந்து வந்தாள். பாதி தூரம் திரும்பியபோது மாஸ்டர் தன் உடம்பை அப்படியே விட்டுவிட்டாள். தலை சாய்ந்தது. கால் மடிந்தது.

அரசி அலறினாள். இழுத்துப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் தடுமாறி இருவரும் சரிந்தார்கள். மாஸ்டரின் முழங்கை நாற்காலியில் இடித்துத் தோல் உரிந்தது.

"ஐயோ மாஸ்டர், ரத்தம்!"

"மறுபடி தூக்குங்க."

"மாட்டேன்."

"தூக்குங்க, அக்கா."

இரண்டாம் முறையும் விழுந்தார்கள். மூன்றாம் முறை மாஸ்டரின் உடம்பு துவண்டபோது, அரசி எதிர்த்து இழுக்கவில்லை. அணைத்த கையை விடாமல், தானும் முழங்காலை மடக்கி, அவளோடு மெதுவாகக் கீழே போய் உட்கார்ந்தாள். மாஸ்டரின் தலை அவள் தோளில் இருந்தது. தரையில் எதுவும் மோதவில்லை.

"நாளைக்கும் இதேதான்," என்றாள் மாஸ்டர்.

பொங்கல் முடிந்து ஏழாம் நாள் ஏழுமலை ஊருக்குப் போனார். மறுநாள் காலை அரசி பயறும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

தனகோட்டி கட்டில் கம்பியை இடது கையால் பற்றிக்கொண்டார். தலையை ஆட்டினார்.

"நான் கத்துக்கிட்டு வந்திருக்கேன். எழுபது கிலோ தூக்கறேன்."

"வே... ணாம்."

"கீழே போட மாட்டேன். சத்தியமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கம்பியை விடவில்லை. அன்று முழுக்கப் படுத்தே இருந்தார். அடுத்த நாளும். மூன்றாம் நாள் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தபோது இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்திருந்தது. அழுத்திப் பார்த்தாள். சிவப்பு மறையவில்லை.

எதிர்வீட்டு ஜரீனாவைக் கூட இருக்கச் சொல்லிவிட்டு அரசி பயிற்சிக்கூடத்துக்கு ஓடினாள்.

"எவ்வளவு தூக்கி என்ன, மாஸ்டர்! அவர் விட மாட்டேங்கறார். அவர் பயத்தை நான் எப்படித் தூக்குவேன்?"

மாஸ்டர் கையிலிருந்த கம்பியை வைத்துவிட்டு வந்தாள்.

"அந்த நாற்காலியில உட்காருங்க. நான் உங்களைத் தூக்கறேன்."

அரசி உட்கார்ந்தாள். மாஸ்டர் குனிந்து கையைக் கொடுத்ததும் அவள் உடம்பு விறைத்தது. இரண்டு கையும் தானாகவே நாற்காலியைப் பற்றிக்கொண்டன.

"என்னை நம்பலையா?"

"நம்பறேன். கை கேட்க மாட்டேங்குது."

"நான் கீழே போட மாட்டேன், அக்கா."

அரசியின் பிடி இன்னும் இறுகியது.

மாஸ்டர் கையை எடுத்துக்கொண்டாள். தூக்கவில்லை. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

அரசி மெல்லக் கேட்டாள்.

"ஒருவேளை விழுந்துட்டா?"

"நானும் உங்ககூடக் கீழே வருவேன்."

அரசி குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். அவை மடியில் இருந்தன. நாற்காலியை எப்போது விட்டோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து வீட்டுக்குப் போனாள்.

ஜரீனாவை அனுப்பிவிட்டுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"கீழே போட மாட்டேன்னு இனிமே சொல்ல மாட்டேன். எனக்கே தெரியாது. எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா விழுந்தா நானும் உங்ககூட வருவேன். தனியா விட மாட்டேன்."

தனகோட்டி அவளைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். கம்பியிலிருந்து கையை எடுத்து அவள் தோளில் போட்டார்.

அவரைக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுவந்து கால்களைத் தரையில் ஊன்ற வைத்தாள். தூக்கினாள். எழுந்தார். நாற்காலி ஒரு அடி தூரத்தில் இருந்தது. திரும்பும்போது அவருடைய நல்ல காலும் நடுங்கி மடிந்தது. எடை முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்தது.

அரசி இழுக்கவில்லை. அவரோடு இறங்கினாள். அவள் முதுகு கட்டில் காலில் உரசிக்கொண்டே இறங்க, தரையில் போய் உட்கார்ந்தாள். அவர் அவள் மடியில் இருந்தார்.

முதலில் அவர் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். பின்மண்டையைத் தடவினாள். ஒன்றும் இல்லை. ஆனால் அவர் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. வலிப்பு வந்துவிட்டதோ என்று பதறி முகத்தைத் திருப்பினாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கோணிய வாயில் எச்சில் வழியச் சிரித்தார். வருஷம் ஒன்று ஆகப்போகிறது அந்தச் சிரிப்பைப் பார்த்து.

"என்னங்க?"

"நீயும்... விழுந்த."

அரசிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவர் வாயைத் துடைத்துவிட்டாள். சிறிது நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் நகர்ந்து அவர் பின்னால் போய், கைகளைக் கோத்து, காலை ஊன்றி, தரையிலிருந்து அவரை முழுசாகத் தூக்கி நாற்காலியில் வைத்தாள்.

பத்து நாள் கழித்து அரசி மறுபடி பயிற்சிக்கூடத்துக்கு வந்தாள். மாஸ்டர் பிடி வழுக்காமலிருக்கக் கையில் சாக்பொடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் உட்கார வைக்கறேன், மாஸ்டர். முதுகுச் சிவப்பு மறைஞ்சிடுச்சு."

"விழுந்தீங்களா?"

"முதல் நாள். அப்புறம் நேத்து ஒரு தடவை."

"அடி?"

"எனக்கு முழங்கால்ல கொஞ்சம். அவருக்கு இல்ல."

அரசி கிளம்பாமல் நின்றாள். கையைப் பிசைந்தாள்.

"இன்னும் ஒண்ணு கேக்கணும். ஒவ்வொரு தடவை குனியும்போதும் நெஞ்சு அடிச்சுக்குது. வாய் உலர்ந்து போகுது. இன்னைக்குக் காலையிலயும் அப்படித்தான். இந்தப் பயம் எப்ப போகும், மாஸ்டர்?"

மாஸ்டர் கையைத் தட்டினாள். வெள்ளைத் தூள் பறந்தது.

"இப்ப அவர் எங்க இருக்கார்?"

"வாசல்ல, நாற்காலியில. தெருவைப் பார்க்கணும்னு சொன்னார். ஜரீனா கூட இருக்கா."

"உங்க வாசல் எந்தப் பக்கம்?"

"கிழக்கு. எதிர்வீட்டு நிழல் ஒன்பது மணி வரைக்கும் இருக்கும்."

மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

"வெயில் அவர் முகத்துக்கு வந்திருக்கும், அக்கா. போய்த் தூக்கி உள்ளே உட்கார வையுங்க."